சண்டைக்கு வருகிறவர்கள் கணக்குக்கும் வரட்டும்

அன்பு மகளுக்கு,

நீடாமங்கலத்திலிருந்து பெரியப்பா எழுதுவது. பதினெட்டு வயது முடிந்தும் வாக்காளர் பட்டியலில் நீ பெயர் சேர்க்கவில்லை என்று உன் அப்பா சொன்னான். "ஓட்டுப் போட்டு என்னத்த ஆவப்போவுது" என்று கேட்டாயாம். நம் பக்கத்துக் கிராமங்களில் உன் வயதுப் பிள்ளைகள் பலரும் கேட்கிற கேள்விதான் அது. கோபப்பட ஒன்றுமில்லை, பதில்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஊர்மேல் அக்கறை இல்லை என்று டீக்கடையில் பேசுகிறார்கள். டெல்டாவில் அந்தப் பேச்சு எடுபடாது. 2010-ல் மன்னார்குடி வட்டாரத்தில் மீத்தேன் எடுக்க ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் அதை எதிர்த்துப் பேசினார். 2013 டிசம்பர் 30-ல் அத்திவெட்டியில் காலமாகும்வரை அதே வேலையாக இருந்தார். அவர் பேச்சைக் கேட்டுக் கிளம்பியவர்களில் கல்லூரிப் பிள்ளைகள் ஏராளம். 2017-ல் நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்களிலும் அவர்கள்தான் நின்றார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையெல்லாம் சாய்த்துப் போட்டபோது, அரசு வண்டி வருவதற்கு முன்பே மரத்தை அறுத்து வழி திறந்ததும் அந்தந்த ஊர்ப் பிள்ளைகள்தான். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கச் சட்டம் வந்தது. 2023-ல் நம் டெல்டாவின் வடசேரி நிலக்கரி ஏலப் பட்டியலுக்குள் நுழைந்தபோது, எதிர்ப்பு கிளம்பிய சில நாளிலேயே, ஏப்ரல் 8 அன்று, அதை நீக்குவதாக ஒன்றிய அமைச்சர் அறிவித்தார்.

ஆக, சண்டைக்கு வருகிறார்கள். ஊராட்சியின் கணக்குக் கேட்கக் கிராம சபைக்கு வருவதில்லை.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும். (நீடாமங்கலம் பேரூராட்சி, எங்களுக்குக் கிராம சபை கிடையாது. உன் ஊருக்கு உண்டு.) 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேராவது வந்தால்தான் அது கூட்டம். அந்த நூற்றை நிரப்புவது பெரும்பாலும் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். வந்ததும் நோட்டில் கையெழுத்தோ ரேகையோ வாங்கிவிடுவார்கள். வரவு செலவை ஒருவர் மூச்சு விடாமல் வாசிப்பார். தீர்மானம் பிறகு எழுதப்படுவதும் உண்டு. இருபது வயதுப் பையன் ஒருவன் எழுந்து, "அந்தக் குடிநீர்க் குழாய்க்கு எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டால், "ஒனக்கு என்னடா தெரியும், ஒக்காரு" என்பார் ஒரு பெரியவர். அடுத்த முறை அவன் வரமாட்டான். திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போயிருப்பான். சோம்பேறித்தனம் என்று இதற்குப் பெயர் வைப்பது அநியாயம்.

எங்கே உட்காருவது என்பதும் நம் பக்கத்தில் சின்ன விஷயமாக இருந்ததில்லை. 1937 டிசம்பரில் இதே நீடாமங்கலத்தில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. பொதுப்பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட குற்றத்துக்காகத் தலித் தொழிலாளர்களை அடித்து, மொட்டையடித்து, சாணிப்பால் கொடுத்தார்கள். 'விடுதலை' ஏடு எழுதியதால்தான் அது வெளியே தெரிந்தது. சுதந்திரம் வந்த பிறகாவது? மதுரைப் பக்கம் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஒரே காரணத்தால் 1996 முதல் பத்து வருடம் முறையான தேர்தல் நடக்கவிடவில்லை, 2006-ல்தான் நடந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலைத் தேர்தலைச் சொல்லி மேடையில் மார்தட்டுகிறவர்கள், அந்தக் கல்வெட்டிலேயே உறுப்பினராக 35 வயதும் கால் வேலிக்கு மேல் நிலமும் கேட்டிருப்பதைச் சொல்வதில்லை. அந்தக் குடத்துக்குள் நம் ஓலை விழுந்திருக்காது, மகளே. 1989-ல் வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-க்கு இறக்கியதால் உனக்கு இப்போது இடம் இருக்கிறது.

வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் கிராம சபையிலும் நீ உறுப்பினர். எம்.எல்.ஏ. தேர்தலுக்கு மட்டும் என்று நினைத்து அதை விட்டுவிடாதே. படிவம் 6 போதும், இணையத்திலேயே போடலாம்.

தீர்மானத்தால் என்ன பயன் என்றும் கேட்பாய். மேலூர் பக்கம் அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து 2024 நவம்பரில் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டப்பேரவை தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23-ல் அந்தச் சுரங்க ஏலம் ரத்தானது. வெறும் காகிதம் இதைச் செய்யவில்லை, ஜனங்கள் மதுரைக்கு ஊர்வலமாகவும் போனார்கள். ஆனால் ஊரே சொன்னது என்பதற்குக் கையில் எழுத்து இருந்தது.

2016 முதல் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்த பெண்களில் நன்றாக வேலை பார்த்தவர்கள் உண்டு. "பிரசிடெண்ட் வீட்டுக்காரர்" மட்டுமே கண்ணில் பட்ட ஊர்களும் உண்டு. 2025 ஜனவரி 5-ல் அந்தப் பதவிக்காலமும் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. கேட்க மெம்பர்கூட இல்லாத காலத்தில் கிராம சபை ஒன்றுதான் ஊர் கேள்வி கேட்கிற இடம். 21 ஆனால் நீயே தேர்தலில் நிற்கலாம், அது பிறகு பார்க்கலாம்.

அடுத்த கூட்டத்துக்குத் தனியாகப் போகாதே. சிநேகிதிகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போ. ஒரே ஒரு கேள்வியோடு போ. குழாயோ, தெருவிளக்கோ, வாய்க்கால் தூர்வாரியதோ, செலவு எவ்வளவு என்று கேள். தீர்மானத்தை எழுதி வாசிக்கச் சொல்லி, அதன்பிறகு கையெழுத்துப் போடு. பதில் வராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு எழுது; 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டுச் சட்டம். மனு எழுதத் தெரியாவிட்டால் வீட்டுக்கு வா, சேர்ந்து எழுதுவோம்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா