கம்ப்யூட்டருக்குள் ஒரு முப்பட்டகம்



வெள்ளை ஒளி முப்பட்டகத்தில் நுழைந்து ஏழு நிறமாகப் பிரிவதைப் படித்திருப்பீர்கள். அந்தச் சோதனையை நிஜ போட்டோ மாதிரியே கம்ப்யூட்டரில் உண்டாக்கலாம். இதற்கு பவ்-ரே என்ற இலவச மென்பொருள் இருக்கு. கம்ப்யூட்டர் இதைக் கையால் வரைவது போல வரைவதில்லை. கணக்குப் போடுகிறது.

கதிர் போகும் வழி:
விளக்கிலிருந்து கிளம்பும் கதிர்களில் பெரும்பாலானவை நம் கண்ணுக்கு வருவதே இல்லை. அதனால் கம்ப்யூட்டர் தலைகீழாகப் போகிறது. கண்ணிலிருந்து படத்தின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ஒரு கதிரை அனுப்புகிறது. 640 × 480 படம் என்றால் 3,07,200 கதிர்கள்! கதிர் கண்ணாடியில் பட்டால் ஒரு பங்கு எதிரொளிக்கும், ஒரு பங்கு விலகி உள்ளே போகும். விலகும் கோணத்துக்கு நாம் படிக்கிற அதே ஸ்நெல் விதிதான். படுகோணம் 45°, ஒளிவிலகல் எண் 1.5 என்றால் விலகு கோணம் சுமார் 28°. இம்முறையை 1980-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டர்னர் விட்டட் கட்டுரையாக வெளியிட்டார்.

நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியவை:

1. நிறம்: கண்ணாடிக்கு 1.5 என்று ஒரே எண் கொடுத்தால் வெள்ளை ஒளி வெள்ளையாகவே வெளியே வரும்! சிவப்புக்கு 1.51, ஊதாவுக்கு 1.53 என்று நிறத்துக்கு நிறம் தனி எண் தரணும்.

2. விளக்கு: கண்ணிலிருந்து போகும் கதிர் திரையில் பட்டு நின்றுவிடும். முப்பட்டகம் வழியாகத் திரைக்கு வந்த ஒளி அதற்குத் தெரியாது. ஆகவே விளக்கிலிருந்தும் தனியாகக் கதிர்களை அனுப்பி, அவை திரையில் விழும் இடத்தைக் குறிக்கணும்.

3. தூசி: சுத்தமான காற்றில் கதிர் போவது பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. தூசியோ புகையோ இருந்தால்தான் கோடாகத் தெரியும். அதையும் சேர்க்கணும்.

சரியான படமா?
நிறைய பேர் முப்பட்டகத்தைத் தொட்டே பார்த்திருக்க மாட்டோம். படத்தைத்தான் நம்புகிறோம். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விதி தப்பானால் நாம் கற்றதும் தப்பாகிவிடும். எனவே எந்தப் படத்தைப் பார்த்தாலும் இதைச் சோதியுங்கள்:

* நிறம் பிரிவது முதல் பக்கத்திலேயே தொடங்குகிறதா?
* சிவப்பு குறைவாகவும் ஊதா அதிகமாகவும் வளைகிறதா?
* விசிறி போல ரொம்ப விரிந்திருக்கிறதா? சாதாரணக் கண்ணாடியில் செய்த 60° முப்பட்டகத்தில் ஒளி சமச்சீராகப் போனால் மொத்தம் சுமார் 39° வளையும். ஆனால் சிவப்புக்கும் ஊதாவுக்கும் உள்ள வித்தியாசம் 2° கூட இல்லை. 1 மீட்டர் தள்ளித் திரை வைத்தால் சுமார் 3 செ.மீ.தான்! புரிவதற்காக விரித்து வரைந்தால் தப்பில்லை. அதை நிஜ அளவு என்று நினைக்கக் கூடாது.

செய்து பார்:
தட்டில் தண்ணீர் ஊற்றி, முகம் பார்க்கும் கண்ணாடியைப் பாதி முங்கும்படி சாய்த்து வெயிலில் வை. நிழலான சுவரில் நிறங்கள் விழும். கண்ணாடியில் தெரியும் சூரியனை மட்டும் பார்க்காதே!

– 9-ஆம் வகுப்பு மாணவி