விவசாயக் கல்லூரிப் படிப்பும் அதற்குரிய பொருளுதவிகளும்

சைதாப்பேட்டையில் 1868-ஆம் வருஷத்தில் தொடங்கிய விவசாயக் கல்வி, 1906-ஆம் வருஷத்தில் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, 1971-ஆம் வருஷத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. தம் மக்கள் அங்கே பயில வேண்டுமென நிலமுடையோர் விரும்புவது இயல்பே. ஆயினும், இடம் கிடைத்தபின் பணத்திற்கு அலைந்து, நன்செயை ஒத்தி வைப்பதும் நகையை அடகு வைப்பதும் பல குடும்பங்களில் நிகழ்கின்றன. திருப்பிக் கொடுக்க வேண்டாத உதவி இருக்கையில் வட்டிக்கு வாங்குவது, எருக்குழி நிறைந்திருக்கக் கடனுக்கு உரம் வாங்குவதை ஒக்கும்.

இவ்வுதவிகள் கட்டணச் சலுகை, உபகாரச் சம்பளம், வங்கிக் கடன் என மூவகைப்படும். அவற்றை இவ்வரிசையிலேயே நாடுதல் வேண்டும்.

1. கட்டணச் சலுகை

சர்க்கார் பள்ளிகளில் 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை பயின்றோர்க்கு, விவசாயம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்களை ஒதுக்கும் சட்டம் 2021-ஆம் வருஷத்தில் இயற்றப்பட்டது. இவ்வொதுக்கீட்டில் சேர்ந்தவரின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் சர்க்காரே ஏற்கிறது. ஆகவே, பிள்ளையை இடையில் தனியார் பள்ளிக்கு மாற்ற எண்ணுவோர், இச்சலுகையும் கூடவே நீங்கிவிடும் என்பதை முன்னரே சிந்தித்தல் நலம்.

அடுத்தது முதல் பட்டதாரிச் சலுகை. குடும்பத்தில் பாட்டன் பாட்டி, தாய் தந்தை, உடன்பிறந்தார் ஆகிய எவரும் பட்டம் பெறாதிருப்பின், முதலாவதாகத் தொழிற்படிப்பில் சேரும் ஒருவர்க்கு இது கிட்டும். சாதி வரம்போ வருமான வரம்போ இதற்கு இல்லை. ஆதலின், நிலம் மிகுதியாக உடையவரும் தமக்கு இது ஆகாதென்று வாளாவிருத்தல் கூடாது. ஆனால் சர்க்கார் கலந்தாய்வின் வழியே இடம் பெற்றிருத்தல் அவசியம். மேலும், இது படிப்புக் கட்டணத்தை மட்டுமே குறிக்கும். விடுதிச் செலவு இதில் அடங்காது.

2. உபகாரச் சம்பளம்

ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் ஆகிய வகுப்பு மாணாக்கர்க்கு, குடும்ப வருஷ வருமானம் ரூ.2,50,000-க்கு மேற்படாதிருப்பின் உபகாரச் சம்பளம் உண்டு. கல்லூரியின் வாயிலாக இதற்கு மனுச் செய்தல் வேண்டும். தொகை மாணாக்கரின் வங்கிக் கணக்கில் நேரே சேர்வதால், அக்கணக்கு ஆதார் எண்ணுடன் இணைந்திருத்தல் முக்கியம்.

இவையன்றி, மாதம் ரூ.1,000 வழங்கும் திட்டங்கள் இரண்டுண்டு. பெண்களுக்குரிய புதுமைப்பெண் திட்டம் 2022-ஆம் வருஷத்திலும், ஆண்களுக்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ஆம் வருஷத்திலும் தொடங்கப்பெற்றன. 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை சர்க்கார் பள்ளியிலோ, சர்க்கார் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ பயின்றிருத்தல் இவற்றிற்குத் தகுதியாம். வேறு உபகாரச் சம்பளம் பெறுவோரும் இதனைப் பெறலாம்.

3. வங்கிக் கடன்

மேற்கூறியவற்றால் அடையாத செலவிற்கு மட்டுமே கடனை நாடுதல் வேண்டும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, ரூ.4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு நிலமோ நகையோ ஈடு காட்ட வேண்டுவதில்லை. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையொப்பமிடல் போதும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆயினும், அக்காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதைப் பலர் உணர்வதில்லை.

உதாரணமாக, நான்கு வருஷப் படிப்பிற்கு ஒவ்வொரு வருஷத் தொடக்கத்திலும் ரூ.75,000 வீதம் ஒருவர் கடன் பெறுவதாகவும், நூற்றுக்கு 10 வீதம் தனிவட்டி எனவும் கொள்வோம். தவணை தொடங்கும் ஐந்தாம் வருஷ முடிவில் வட்டிக் கணக்கு வருமாறு:

முதல் தொகைக்கு 5 வருஷ வட்டி - ரூ.37,500
இரண்டாம் தொகைக்கு 4 வருஷ வட்டி - ரூ.30,000
மூன்றாம் தொகைக்கு 3 வருஷ வட்டி - ரூ.22,500
நான்காம் தொகைக்கு 2 வருஷ வட்டி - ரூ.15,000
ஆக வட்டி - ரூ.1,05,000

அசல் ரூ.3,00,000-உடன் இது சேர, கடன் ரூ.4,05,000 ஆகிவிடும். சலுகைகளால் கடன் பாதியாகக் குறையுமாயின் வட்டியும் ரூ.52,500-ஆகக் குறையும். அறுவடைதோறும் வட்டியை மட்டுமேனும் கட்டி வருவோர்க்கு இச்சுமை ஏறாது; அங்ஙனம் கட்டுவோர்க்குச் சில வங்கிகள் வட்டி விகிதத்தையும் சிறிது குறைக்கின்றன. மத்திய சர்க்காரின் வட்டி மானியத்திற்குத் தகுதி உண்டா என்பதையும் கடன் பெறும்போதே கேட்டறிதல் வேண்டும்.

4. சான்றுகளும் கிராம அலுவலர் கடமையும்

சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் மனுச் செய்யலாம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்தபின் தாலூகா அலுவலகம் அவற்றை வழங்கும். கலந்தாய்வு நாளில் முதல் பட்டதாரிச் சான்று கையில் இல்லாவிடின், தகுதி இருந்தும் பயனில்லாமற் போகக்கூடும். ஆதலின், பரீட்சை முடிந்தவுடனே மனுச் செய்துவிடுவது உத்தமம். பள்ளிச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு இம்மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாயிருக்கின்றனவா என்று அப்போதே சரிபார்த்தல் வேண்டும்.

கிராம அலுவலர்கள் நிலத்தின் பரப்பை மட்டும் கண்டு வருமானத்தை மதிப்பிடலாகாது. ஐந்து ஏக்கர் மானாவாரிப் புன்செயும் ஐந்து ஏக்கர் ஆற்றுப் பாசன நன்செயும் ஒரே வருமானம் தருவனவல்ல. அடங்கலில் கண்ட பயிரையும் அவ்வருஷ மழையையும் நோக்கி எழுதுதல் நேர்மையாகும். குறைத்து எழுதினால் தகுதியற்றோர் உதவி பெறுவர். கூட்டி எழுதினால் ஏழைக் குடியானவரின் பிள்ளை அதனை இழக்கும்.

விதைப்பிற்குப் பருவம் இருப்பதுபோல் மனுவிற்கும் பருவம் உண்டு. அப்பருவத்தைத் தவறவிடாதோர் நிலத்தையும் காத்துக்கொண்டு பிள்ளையையும் படிக்க வைக்கலாம்.