வெட்டிவேர்

புல் என்றவுடன் அதனை அற்பமாகக் கருதுதல் உலக வழக்கு. ஆயினும் நெல்லும் கரும்பும் மூங்கிலும் புல்லினத்தைச் சார்ந்தனவே. அவ்வினத்துள் மணத்தாற் சிறந்த வெட்டிவேரின் இயல்பையும் பயனையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நிலத்தை வெட்டி எடுக்கப்படும் வேராதலின் இஃது இப்பெயர் பெற்றது. இத்தமிழ்ச் சொல்லே பிரெஞ்சு மொழி வாயிலாக ஐரோப்பிய மொழிகளுட் புகுந்து, 'வெட்டிவர்' என இன்றும் வழங்குகின்றது. தாவர நூலார் இதனைக் கிரைசோபோகன் சைசனியாய்டிஸ் என்பர். இதன் உறவாகிய எலுமிச்சம்புல்லுக்கு மணம் இலையில் உளது. வெட்டிவேருக்கோ மணமெல்லாம் வேரிலேயே அடங்கியுள்ளது. தென்னிந்தியாவிற் பயிராகும் வகை முளைக்கத்தக்க விதையைப் பெரும்பாலும் தருவதில்லை. ஆதலால் தூரைப் பிரித்து நட்டே பயிர் செய்கின்றனர்.

நட்டு ஓராண்டுக்கு மேற்பட்டு, ஏறக்குறைய 18 மாதங்கள் சென்றபின் வேரை அகழ்ந்து, கழுவி உலர்த்தி, நீராவியைச் செலுத்தி வாலையில் வடிப்பர். இதன் தைலம் எளிதில் ஆவியாகாத பொருள்களால் ஆயது; ஆதலின் வடித்தல் ஒரு பகலும் ஓர் இரவும் நீடிப்பதுண்டு. நூறு பலம் வேரினின்று கிடைக்கும் தைலம் பெரும்பாலும் 2 பலத்துக்கு மேற்படுவதில்லை. குசிமால், வெட்டிவோன் முதலியன இதிலுள்ள பொருள்கள். மெல்ல ஆவியாகும் இயல்பினால் இது பிற மணங்களையும் விரைவில் அகலவிடாது நிறுத்துகின்றது. வாசனைப் பொருள் செய்வோர் இதனைப் பெரிதும் விரும்புதற்குக் காரணம் இதுவே.

இனி மருத்துவப் பயனை நோக்குவோம். சுரமுற்றோரின் தாகந்தணிக்க ஆயுர்வேத நூலார் கூறும் ஷடங்க பானீயத்தின் ஆறு சரக்குகளுள், உசீரம் எனப்படும் வெட்டிவேரும் ஒன்று. நம் நாட்டார் கோடையில் இவ்வேரைக் குடிநீர்ப் பானையில் இடுவர். தட்டியாகப் பின்னி நீர் தெளித்து வாயிலில் தொங்கவிடுவர். தட்டி தரும் குளிர்ச்சி நீர் ஆவியாவதால் விளைவது. வேர் அதற்கு மணமூட்டுகின்றது. இத்தைலம் சில நுண்கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பதாகச் சோதனைச் சாலைகளிற் கண்டுள்ளனர். ஆயினும் குழாயிற் கண்டது உடலிலும் அவ்வாறே நிகழுமென்று துணிதல் கூடாது. வேர் ஊறிய நீர் வேறு, செறிந்த தைலம் வேறு. பின்னதை மருத்துவர் கூறாமல் உட்கொள்ளுதல் தகாது.

இவ்வேரின் சிறப்பே ஓர் இடரையும் உடன் கொண்டுள்ளது. வேரைப் பெற வேண்டின் மண்ணைக் கிளறுதல் வேண்டும். கடலூர்க் கடற்கரையை அடுத்த சமமான மணற்பாங்கில் இதனால் பெருங்கேடில்லை. இத்தைலத்தை மிகுதியாக விளைவிக்கும் ஹெயிட்டி நாட்டிலோ, மலைச்சரிவுகளில் அகழ்ந்த நிலத்து மேல்மண்ணை மழைநீர் வாரிக்கொண்டு போகின்றது. வறுமையால் நெருக்குண்ட உழவர் வேர் முதிருமுன் அகழ்தலும் உண்டு. அதனால் தைலமும் தரங்குறைகின்றது, நிலமும் அழிகின்றது.

வியப்பு யாதெனில், மண்ணைக் காப்பதும் இப்புல்லே. சரிவின் குறுக்கே, சமமட்டக் கோட்டில் நெருக்கமாக நட்டால், இதன் விறைத்த தண்டுகள் ஓடும் நீரின் வேகத்தைத் தணித்து வண்டலைத் தடுத்து நிறுத்துகின்றன. வேர்கள் பக்கத்திற் பரவாது நேர்கீழாக 3 மீட்டர் அளவும் இறங்கி மண்ணைப் பிணிக்கின்றன. 1980-களில் உலக வங்கியைச் சார்ந்த வேளாண் அறிஞர்கள் இம்முறையை இந்தியாவிற் பரப்ப முயன்றனர். 1993-இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் இதனை ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டது.

ஆகவே, சமநிலத்தில் வேரை அகழ்ந்து பயன்கொள்ளுதலும், சரிவில் வேலியாக அகழாது விட்டுவைத்தலும் முறையாம். ஒரு பூண்டின் பயனைக் கற்போர், அதனை எவ்விடத்து எடுக்கலாம், எவ்விடத்து விடவேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்பாராயின், நமக்கு மணமும் குறையாது, வருவோர்க்கு மண்ணும் குறையாது.