தோட்டத்துப் பழைய கணினியும் காணாமல் போன டி டிரைவும்

சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்துக் கோயில் அலுவலகங்களிலும் இளைஞர் மன்றங்களிலும் ஒரு விண்டோஸ் 95 கணினி தூசு படிந்து கிடந்தால், தூக்கிப் போடாதீங்க. தோட்டம் செம்பனையாகவோ தாமானாகவோ மாறி, லயங்கள் இடிந்து, குடும்பங்கள் சிதறிய பிறகு, யார் எந்த வருஷம் உபயம் எடுத்தார்கள், யார் வீட்டுப் பிள்ளைகள் தேவார வகுப்புக்கு வந்தார்கள் என்ற பட்டியல் அந்த ஹார்ட் டிஸ்க்கில் மட்டுமே இருக்கலாம்.

போன விடுமுறையில் அப்படி ஒரு கணினியைப் பார்த்தேன். "டிஸ்க் செத்துப்போச்சு தம்பி, ஃபார்மட் பண்ணிடு" என்றார் செயலாளர். "கொஞ்சம் பொறுங்கண்ணே" என்று தேதியைப் பார்த்தேன். 1980 என்று காட்டியது. செத்தது டிஸ்க் இல்லை, மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரி! டிஸ்க்கின் அளவை பயாஸ் நினைவில் வைத்திருப்பது அந்தப் பேட்டரியின் தயவில்தான். அது போனதும் எல்பிஏ முறை மாறி நார்மல் முறைக்குப் போயிருந்தது. லயத்து வீட்டு எண்களை மாற்றிவிட்டுக் கடிதம் கொடுக்கப் போன மாதிரி, கணினி தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தது. இந்த நிலையில் ஸ்கேன்டிஸ்க் ஓட்டினால் நல்ல தகவலையே "பழுது பார்த்து" அழித்துவிடும்.

புது பேட்டரி போட்டு, எல்பிஏவுக்கு மாற்றியதும் சி டிரைவ் வந்தது. டி வரவில்லை.

அந்தக் காலத்து ஃபேட்16 முறையில் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபிக்கு மேல் போகாது. 1996இல் ஃபேட்32 வந்த பிறகும் பலர் பழையபடியே டிஸ்க்கைப் பிரித்து வைத்தார்கள். டிஸ்க்கின் முதல் செக்டரில், 512 பைட்டுக்குள், பார்ட்டிஷன் அட்டவணைக்கு இடம் வெறும் 64 பைட். நான்கு பதிவு மட்டும். சி அங்கேயே பதிவாகியிருக்கும். டி பெரும்பாலும் எக்ஸ்டெண்டட் பகுதிக்குள் இருக்கும். அதன் விவரம் அந்தப் பகுதியின் முதல் செக்டரில் தனியாக எழுதப்பட்டிருக்கும். அந்த ஒரு செக்டர் கெட்டால் டி மறைந்துவிடும், உள்ளே இருக்கும் கோப்புகள் அப்படியே இருந்தாலும்.

அதனால் டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇ-யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ வைத்து முழு டிஸ்க்கையும் நகல் எடுத்தேன். விண்டோஸ் மடிக்கணினியில் மாட்டினால் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கலாம்; வேண்டாம் என்றே சொல்லுங்க. டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்க, அது நம்ம கை வேலை இல்லை. பிறகு நகலின் மேல் டெஸ்ட்டிஸ்க் ஓட்டினேன். பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்பதை அது ஃபேட்டின் பூட் செக்டரைத் தேடிக் கண்டுபிடிக்கும். ஃபேட் அட்டவணைக்கு டிஸ்க்கிலேயே இரண்டு பிரதி இருப்பதால், ஒன்று கெட்டாலும் இன்னொன்று கைகொடுக்கும். டி கிடைத்தது.

கோப்பைத் திறந்தால் ஒரே ஆங்கிலக் கிறுக்கல். பயந்துடாதீங்க, கோப்பு கெடவில்லை. யுனிகோடு பரவலாகும் முன் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களில் தட்டச்சு செய்தவை, அந்தந்த எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். அந்த எழுத்துரு சி டிரைவில், விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் கிடக்கும். டியை மட்டும் நகல் எடுத்திருந்தால் அதற்குத் திரும்பவும் அலைய வேண்டியிருக்கும். எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ற மாற்றியில் யுனிகோடுக்கு மாற்றுங்க. மாற்றிய பிறகும் மூலக் கோப்பை அழிக்காதீங்க. சில மாற்றிகள் கொம்பையும் காலையும் இடம் மாற்றிவிடும், பெயர்களில் அது தெரியாமலே போய்விடும்.