மூலநோயை மறைக்கலாகாது

அங்கத்தினர்களே! கணக்குப் பார்க்க வரும் நாம் நோயைப் பற்றி எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். சென்ற ஆண்டு பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்துச் சங்கமொன்றில் தணிக்கை செய்தபோது, நெசவாளர் ஒருவர் தொடர்ந்து மூன்று தவணை கட்டாதிருக்கக் கண்டோம். வீடு சென்று பார்த்தால் தறி ஓய்ந்து கிடந்தது. அவர் முகம் வெளுத்திருந்தது. மலத்தோடு இரத்தம் போவதை வெட்கத்தால் மனைவியிடங்கூடச் சொல்லாமல் பல மாதங்கள் மறைத்திருக்கிறார்.

மூலம் என்பது யாது? ஆசனவாயின் உட்புறத்தில் இரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற தசைகள் எல்லோருக்கும் உண்டு. அவை வீங்கிச் சரிவதே உள்மூலம். பெரும்பாலும் வலியின்றிச் சிவந்த இரத்தம் போகும். ஆசனவாயின் விளிம்பில் வீங்குவது வெளிமூலம். அதில் இரத்தம் உறைந்தால் கடும் வலி உண்டாகும். மலச்சிக்கலும், முக்கி மலங்கழித்தலும், கர்ப்பமும் முக்கிய காரணங்கள். கையிலுள்ள வேலை முடியட்டும் என்று தறியிலிருப்போரும், இருட்டட்டும் என்று காத்திருக்கும் பெண்டிரும் மலத்தை அடக்குவதால் சிக்கல் மிகுகிறது.

நம் தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையில் விளையும் நிலாவரை இலை, மலமிளக்கியாகப் பல நாடுகளுக்கும் கப்பலேறுகிறது. ஆயினும் நம் நிலத்து இலைதானே என்று நாள்தோறும் கஷாயமிட்டுக் குடித்தல் தகாது. பேதி மிகுந்தால் உடலில் நீரும் உப்பும் குறையும். கர்ப்பிணிகள் மருத்துவர் சொல்லின்றி அதைத் தொடலாகாது.

அன்றாடம் வேண்டியவை கரிசலில் விளையும் கம்பு, சோளம், பயறு ஆகியவையும் கீரையும் போதிய தண்ணீருமே. நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து உடலிற் சேர வேண்டும். மலம் வரும்போதே கழிக்க வேண்டும். நெடுநேரம் உட்கார்ந்து முக்கலாகாது. வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம் அமர்ந்தால் வலி தணியும்.

இரத்தம் போவதெல்லாம் மூலமே என்று எண்ணிவிடலாகாது. குடற்புற்றுநோயிலும் இரத்தம் போகும். எனவே முதல் முறை கண்டதுமே மருத்துவரிடம் காட்டுக. ஒரே நாளில் வேரறுப்போம் என்பாரை நம்பிக் காரமருந்து வைத்துக்கொண்டால் ஆசனவாய் புண்ணாகிச் சுருங்கிவிடக்கூடும். மருத்துவமனையிலோ உள்மூலத்தின் அடியில் சிறு ரப்பர் வளையமிட்டே பலரைக் குணப்படுத்துகின்றனர். அறுவை எல்லோருக்கும் வேண்டியதில்லை.

நாம் கண்ட நெசவாளருக்கும் வளையமே போதுமாயிற்று. இரத்தசோகை தீரத்தான் மாதங்கள் பிடித்தன. இன்று தறி ஓடுகிறது, தவணையும் வருகிறது. இழை அறுந்தால் அக்கணமே முடிகிறவர்கள் நீங்கள். உடம்பின் காரியத்தை மட்டும் நாளைக்கென்று ஒத்திவைப்பானேன்?