வாக்கியம் முடியட்டும், தம்பி

அன்புள்ள தம்பி,

2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களின் குடும்பத்தார் பேச்சை நீ பதிவு செய்து வருவது நல்ல காரியம். நீண்ட பேட்டியிலிருந்து 40 விநாடியை எஃப்எஃப்எம்பெக் கட்டளையால் வெட்டுவது எப்படி என்று கேட்டிருந்தாய்.

தொடக்கம் 12:10, முடிவு 12:50 என்று வை. 'மைனஸ் எஸ்எஸ்' போட்டு 12:10-ஐ மூலக்கோப்பின் பெயருக்கு முன்னால் கொடு. பெயருக்குப் பின்னால் 'மைனஸ் டி' போட்டு 40 என்று கொடு. அந்த இடத்தில் 'மைனஸ் டிஓ' போட்டு 12:50 என்று எழுதினால், கணக்கு வெட்டிய இடத்திலிருந்து தொடங்கி, பன்னிரண்டு நிமிடத்துக்கும் மேலான துண்டு வந்து நிற்கும்.

மறுபடி என்கோட் செய்யாமல் அப்படியே நகலெடுக்க 'மைனஸ் சி காப்பி' என்று கொடுத்தால் நொடியில் வேலை முடியும், தரமும் குறையாது. ஆனால் அந்த வெட்டு முழுப்படமாகப் பதிவான முந்தைய கீஃப்ரேமிலிருந்துதான் தொடங்கும். எக்ஸ்264 என்கோடரின் இயல்பு அமைப்பில் ஒரு கீஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் 250 ஃப்ரேம் வரை இடைவெளி இருக்கலாம். விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் அது 10 விநாடி. ஒரு பிளேயரில் சரியாகத் தொடங்கும் துண்டு, இன்னொன்றில் முன்னதாகவே தொடங்கும். ஆகவே தேடிப் பார்ப்பதற்குக் காப்பி போதும். வெளியே போகும் துண்டை லிப்எக்ஸ்264-இல், தர அளவான சிஆர்எஃப்-ஐ 18 என வைத்து, மறுபடி என்கோட் செய்.

வெட்டின் முடிவில்தான் அதிக கவனம் வேண்டும். நம் பேச்சில் 'இல்லை', 'முடியாது' எல்லாம் கடைசியில்தான் வரும். "பயிற்சி குடுத்தாகன்னு சொல்ல முடியாதுய்யா" என்று ஓர் அம்மா சொல்கிறார். 'குடுத்தாக' என்பதோடு வெட்டிவிட்டால், பயிற்சி கொடுத்ததாக அவரே சாட்சி சொன்னதுபோல் ஆகிவிடும். "குத்தகைக்கு விட்டாகன்னு சொல்றாக" என்பதை 'விட்டாக' என்பதோடு நிறுத்தினால், கேள்விப்பட்டது கண்ணால் கண்டதாகிவிடும். ஹெட்போன் மாட்டிக் கேள். வாக்கியம் முடிந்து அவர் மூச்சு விடும்வரை விட்டுவை. பதிலுக்கு முன் அவர் மௌனமாக இருந்த நேரத்தையும் நீளம் கருதி எடுத்துவிடாதே.

சலம் பென்னூர்கர் 1990-இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றிய ஆவணப்படம். நீ செய்யும் வேலைக்கு இந்த மண்ணில் ஒரு முன்னோடி உண்டு, தேடிப் பார்.

அச்சங்குளம் விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. உன் பதிவையும் ஒருநாள் யாரேனும் சான்றாகக் கேட்கலாம். மூலக்கோப்பைத் தொடாதே, இரண்டு டிஸ்க்கில் வை, கோப்பு மாறவில்லை என்று காட்ட அதன் ஷா256 எண்ணைக் குறித்து வை. எந்தத் துண்டு எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்பதையும் எழுதி வை.

வெட்டியதைப் பேசியவரிடமே போட்டுக் காட்டு. அவர் சரி என்ற பிறகே வெளியிடு.

அன்புடன்,
உன் அண்ணன்