ஒயிட்னருக்குக் கீழே என்ன இருக்கு?

ரெக்கார்ட் நோட்டில் தப்பு வந்தா ஒயிட்னர் தடவிட்டுப் போயிடுறோம். அதே ஒயிட்னர் ஒரு பழைய காமிக்ஸ் ஒரிஜினல் மேல இருந்தா? ஒரிஜினல்னா அச்சான புத்தகம் இல்லை. ஓவியர் தன் கையால் இங்க் போட்டு வரைந்த பக்கம். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோட வந்ததிலிருந்து புத்தகத்தைச் சேர்த்து வைத்தவங்க நிறைய. வரைந்த தாளைச் சேர்த்து வைத்தவங்க குறைவுதான்.

எலவனாசூர்கோட்டையில் போர்டு எழுதும் பெரியவர் ஒருவர், இளவயதில் வரைந்த படக்கதைப் பக்கங்களை இன்னும் வைத்திருக்கிறார். தாள் பழுப்பாயிடுச்சு, ஒயிட்னர் திட்டுகள் மட்டும் பளிச்சுன்னு துருத்திக்கிட்டு, ஓரம் உரியுது. "இதை எடுத்துட முடியுமாப்பா?" என்று கேட்டார். நமக்கு உடனே ஞாபகம் வர்றது அசிட்டோன். ஆபத்தும் அதுலதான்.

ஒயிட்னரில் வெள்ளை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு தூள்; அதைத் தாளில் ஒட்டவைப்பது பிசின். அசிட்டோன் பிசினைத்தான் இளக்கும், தூள் கரையாது. தாராளமா ஊற்றினா கேப்பிலரி ஆக்‌ஷன் அந்தத் தூளைத் தாளின் நாருக்குள்ள இழுத்துட்டுப் போயிடும். அப்புறம் அந்த வெள்ளை மூட்டம் போகவே போகாது. கார்பன் இங்க் கோடு ஓரளவு தாங்கும். பால்பாயின்ட், ஸ்கெட்ச் பென் கோடுகள் பரவிடும்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கு. ஓவியர் ஒயிட்னர் போட்டது அழிக்க மட்டுமில்லை, அதன் மேலேயே திருத்தி வரையவும்தான். திட்டை எடுத்தா அவர் கடைசியா முடிவு செய்த கோடும் சேர்ந்து போகும். பெரியவரோட பக்கத்தில் ஒரு குதிரைக் கால் அப்படித்தான் இருந்தது. தாளைத் திருப்பிப் பிடித்து, மறுபக்கம் பலமான விளக்கு வைத்துப் பார்த்தோம்: இரண்டு கால்கள் ஒன்றன்மேல் ஒன்றா நிழலாத் தெரிந்தன. (தடித்த அட்டையில் இந்த வித்தை பலிக்காது.) அந்தத் திட்டைத் தொடவேண்டாம்னு அவரே சொல்லிட்டார்.

மேலே கோடு இல்லாத திட்டுக்கு மட்டும் கை வைக்கலாம். முதலில் போட்டோ எடுங்க. அடுத்து, ஓரத்தில் ஈரப் பஞ்சை லேசா ஒற்றிப் பாருங்க. இளகினா அது ஒயிட்னர் இல்லாம போஸ்டர் வெள்ளையா இருக்கலாம், அதுக்கு அசிட்டோன் தேவையே இல்லை. ஒயிட்னர்தான்னா, லென்ஸ் வைத்து, சர்ஜிக்கல் பிளேடைப் படுக்கவைத்து, மேலிருந்து மெல்லிசா சீவணும். தாள் தெரியும்வரை போகாதீங்க. கடைசிப் படலம் இருக்கும்போதே நிறுத்திடுங்க. அதுவும் போகணும்னா, அடியில் பிளாட்டிங் பேப்பர் வைத்து, பிழிந்த பஞ்சில் துளி அசிட்டோன், தேய்க்காம உருட்டி எடுங்க. ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்தில் அடுப்போ ஊதுவத்தியோ கூடாது. இத்தனையும் முதலில் உங்க பழைய டிராயிங் ஷீட்டில் பத்துத் தடவை செய்து பார்த்த பிறகுதான்.